அஜ்மானிலிருந்து மதுரை எவ்வளவு தூரம்?

அஜ்மானுக்கும் மதுரைக்கும் வான்வழித் தொலைவு மூவாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நேரே பறந்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஆனால், அஜ்மான் தொழிற்பேட்டையிலிருந்து ராமநாதபுரத்துக்கோ சிவகங்கைக்கோ விடுப்பில் புறப்படும் தொழிலாளியிடம் கேட்டால், மணிக்கணக்கு சொல்லமாட்டார்; ஒரு முழு நாள் என்பார்.

சுமார் 260 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அஜ்மான், அமீரகத்தின் ஏழு எமிரேட்டுகளில் மிகச் சிறியது. அங்கே பயணிகள் விமான நிலையம் இல்லை. அது பெரிய குறையும் அல்ல. பக்கத்திலேயே ஷார்ஜா விமான நிலையம் இருக்கிறது. நேரம் கரைவது தமிழ்நாட்டு மண்ணில் இறங்கிய பிறகுதான். சென்னையில் இறங்கினால், அங்கிருந்து மதுரைக்கு இன்னும் 460 கிலோமீட்டர். ராமநாதபுரத்துக்கு சுமார் 550. கடல் கடந்த நேரத்தைவிடச் சாலையில் கழியும் நேரம் இரண்டு மடங்காகிறது.

காரணம் ஒரு பட்டியல். இந்தியாவும் அமீரகமும் செய்துகொண்ட விமானச் சேவை ஒப்பந்தத்தில், அமீரக நிறுவனங்கள் வந்திறங்கக்கூடிய இந்திய நகரங்களின் பெயர்கள் உள்ளன. மதுரை அதில் இல்லை. ஷார்ஜாவின் ஏர் அரேபியா சென்னைக்கும் கோவைக்கும் பறக்கலாம். மதுரைக்குப் பறக்க உரிமை கிடையாது. இந்திய நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை. 2025 ஜூனில் இன்டிகோ மதுரை–அபுதாபி சேவையைத் தொடங்கியது. ஆனால் அபுதாபி அஜ்மானிலிருந்து சாலைவழி 150 கிலோமீட்டருக்கும் மேல். வட எமிரேட்டுகளில் வாழ்வோருக்கு அது பாதி விடைதான்.

பெருநகரம் அல்லாத ஊர்களை வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் புதிதாகத் திறந்துவிடுவதில்லை என்பது ஒன்றிய அரசின் கொள்கை. இத்தகைய உரிமைகளில் அந்நிய நிறுவனங்களின் பக்கமே தட்டு ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது என்கிறது அரசு. இந்திய நிறுவனங்கள் வளர வேண்டும் என்ற அக்கறையை நாம் மறுக்கவில்லை. ஆனால், இந்திய நிறுவனங்களுக்கென்று ஒதுக்கிவைத்த வழியில் போதிய விமானங்கள் பறக்காதபோது, காக்கப்படுவது யாருடைய நலன்? 2018இல் திறக்கப்பட்ட கண்ணூர் விமான நிலையமும் இதே கொள்கையால் முடங்கிக் கிடப்பதை மலையாளிகள் நன்கறிவர்.

மதுரையின் ஓடுபாதை சுமார் 7,500 அடி. வளைகுடாவுக்குச் செல்லும் குறுகிய உடலமைப்புள்ள விமானங்களை அது இப்போதே தாங்குகிறது; இருப்பது அனுமதிச் சிக்கல் மட்டுமே. அதற்கு நடுவழி உண்டு. ஒப்பந்தப்படி ஷார்ஜாவுக்கு உள்ள வாராந்திர இருக்கைகளில் ஒன்றைக்கூடக் கூட்டாமல், அவற்றில் ஒரு பகுதியை மதுரைக்குப் பயன்படுத்த அனுமதிக்கலாம். அதற்கும் மனமில்லை என்றால், ஷார்ஜா–மதுரை அன்றாடச் சேவைக்கு இந்திய நிறுவனம் ஒன்றை அரசே பொறுப்பாக்கட்டும்.

விடுப்புக்கு வருகிறவர் ஒரு நாள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார். பெற்றவளுக்குக் கொள்ளி வைக்கவோ, தகப்பனின் கபரில் மண் அள்ளிப் போடவோ வருகிறவருக்கு அந்த ஒரு நாள் திரும்பக் கிடைக்காது. தென்மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி ஒரே குரலில் இதைக் கேட்க வேண்டும். ஒன்றிய அரசு மதுரையின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.