இல்லறச் சிந்தனை: எந்தப் படம் நல்ல படம்?



காட்டாங்குளத்தூரிலிருந்து ஒரு தாய் நமக்கு மடல் எழுதியுள்ளார். கணவர் தொழிற்சாலையில் முறைவேலை பார்ப்பவர். ஒரே மகன் பதினொன்றாம் வகுப்பு மாணவன். நள்ளிரவில் அவன் போர்வைக்குள் கைபேசியை வைத்துத் திரைப்படம் பார்த்துக் கொண்டிருந்ததைத் தந்தை கண்டுவிட்டார். கைபேசியைப் பறித்து அலமாரியில் பூட்டிச் சாவியை எடுத்துக் கொண்டார். அன்று முதல் மகன் தந்தையோடு பேசுவதில்லை. குடும்ப செபமாலையிலும் வாய் திறவாது அமர்ந்திருக்கிறான். சினிமா பார்ப்பதே பாவமா, அன்றி நல்ல படத்தைப் பிரித்தறிய வழி ஏதும் உண்டா என்று அத்தாய் கேட்கிறார்.

விடை கூறுமுன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வது முறை. நாமும் திரைப்பட ரசிகரே. கீற்றுக் கொட்டகையில் மணலைக் குவித்து, அதன்மேல் அமர்ந்து படம் பார்த்து வளர்ந்தவர் நாம். தவக்காலத்தில் வீட்டாருக்குத் தெரியாமல் கொட்டகைக்குச் சென்றுவிட்டு, பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் முழந்தாளிட்டு அதைச் சொன்ன சிறுவர்களுள் நாமும் ஒருவர். ஆகவே தீர்ப்பிடும் தகுதி நமக்கில்லை. ரசிகர் என்னும் முறையிலேயே நாலு வார்த்தை கூறுகிறோம்.

திருச்சபை திரைப்படத்தை வெறுத்து ஒதுக்கியதில்லை. 1936-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் இதற்கென ஒரு சுற்றுமடல் வரைந்தார். எச்சரிக்கை மிகுந்த மடல் அது. ஆயினும் நல்ல படங்கள் வேண்டும் என்ற ஆவலும் அதில் உண்டு. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைக் குறித்துத் தனி ஏடே வெளியிட்டது. திரைப்படத்திற்கு நூறு வயது நிறைந்த 1995-ஆம் ஆண்டில் வத்திக்கான் ஒரு பட்டியலைத் தந்தது. சமயம், நற்பண்பு, கலை என மூன்று தலைப்புகள்; தலைப்புக்கு 15 வீதம் 45 படங்கள். சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' அதில் உண்டு. அட்டன்பரோவின் 'காந்தி' உண்டு. இத்தாலிய இயக்குநர் பசோலினி 1964-இல் எடுத்த மத்தேயு நற்செய்திப் படமும் உண்டு. பசோலினி பொதுவுடைமைக் கருத்தினர். கடவுள் நம்பிக்கை அற்றவர். ஆயினும் அப்படத்தைத் திருத்தந்தை 23-ஆம் அருளப்பரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். எடுத்தவர் யார் என்று பாராமல் எடுக்கப்பட்டது என்ன என்று பார்த்தே வத்திக்கான் அதை ஏற்றது. நமக்கு இதுவே முதற்பாடம்.

நம் தமிழ்ப் படங்களை இம்மூன்று தலைப்புகளில் வைத்துப் பார்ப்போமா?

சமயப் படம் என்றதும் நம் பாட்டிமார் நினைவுக்கு வருவது 'ஞானசௌந்தரி'. நாட்டுக் கூத்தாக ஊர்தோறும் நடிக்கப்பட்ட கதை. சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகளை இழந்து காட்டில் விடப்பட்ட இளவரசிக்கு, தேவமாதா கைகளை மீண்டும் அருளும் கதை. 1948-இல் இதை இரு நிறுவனங்கள் போட்டியிட்டுப் படமாக்கின. ஜோசப் தளியத்தின் சிட்டாடல் நிறுவனம் தந்த படம் வென்றது. ஜெமினியின் படம் எடுபடவில்லை. வென்ற படத்தில் தேவமாதாவை நோக்கிய செபப்பாடல் ஒன்று வரும். சிறுமிக்காக ஜிக்கியும், அவள் வளர்ந்தபின் பி.ஏ. பெரியநாயகியும் அதே பாடலைத் தொடர்ந்து பாடுவார்கள். ஒரே செபத்துக்குள் குழந்தை குமரியாகிவிடுகிறாள்! செபம் நம்மோடு வளரவேண்டிய ஒன்று என்பதை இதைவிட எளிதாய்ச் சொல்ல முடியுமா?

1971-இல் வந்த 'அன்னை வேளாங்கண்ணி'யும், விஜயசந்தர் இயேசுவாக நடித்த 'கருணாமூர்த்தி'யும் இவ்வரிசையில் அடங்கும். பின்னது 1978-இல் தெலுங்கில் உருவாகித் தமிழுக்கு வந்த படம். பல ஊர்களில் திறந்த வெளியில் திரை கட்டி அதைக் காட்டினார்கள். அதை எடுத்த பீம்சிங்கை நம்மவர் பலர் வேறொரு படத்தால் அறிவர். அப்படத்தின் பெயரே நம் மறைக்கல்விப் புத்தகத்திலிருந்து எடுத்ததுபோல் இருக்கும்: 'பாவ மன்னிப்பு'.

1961-இல் வந்த இப்படத்தை நற்பண்பு என்னும் தலைப்பின்கீழ் வைப்போம். இந்துவாகப் பிறந்து இஸ்லாமியரால் வளர்க்கப்பட்ட ரஹீமாகச் சிவாஜி கணேசன். கிறிஸ்தவ இல்லத்தில் வளரும் மேரியாகத் தேவிகா. மூன்று சமயத்தாரும் ஒரே தெருவில் ஒருவர்க்கொருவர் துணையாய் வாழ்வதைக் கண்டு அக்காலத் தமிழகம் நெகிழ்ந்தது. நமக்கும் மிகப் பிடித்த படமே. ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமலிருக்க மனமில்லை. கொடியவன் ஆளவந்தார் மனம் கலங்குவது, தான் துன்புறுத்திய ரஹீம் தன் சொந்தப் பிள்ளையே என்று அறிந்த பிறகுதான். ரஹீம் பிறர் பிள்ளையாகவே இருந்திருந்தால்? எரிக்கோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவன் நல்ல சமாரியனுக்கு உறவினன் அல்லன். உறவு தெரிந்தபின் வரும் இரக்கம் எளிது. உறவே இல்லாதவன்மீது வரும் இரக்கத்தையே ஆண்டவர் நம்மிடம் கேட்கிறார்.

இதே தலைப்பில் 1979-இல் வந்த 'உதிரிப்பூக்க'ளை இன்னும் மேலே வைப்போம். அலெக்ஸாண்டர் என்ற இயற்பெயருடைய மகேந்திரன், புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவி எடுத்த படம். மனைவியை வதைத்து, ஊரையே துன்புறுத்திய ஒருவனை இறுதியில் ஊரார் ஆற்றில் இறங்கிச் சாகும்படி விரட்டுகிறார்கள். அப்போது அவன், நல்லவர்களாயிருந்த உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேனே, அதுவே நான் செய்த பெரிய தவறு என்ற பொருள்படப் பேசுகிறான். அவனுடைய இரு குழந்தைகளும் கரையில் அநாதைகளாகிறார்கள். பாவம் தொற்றுநோய்போல் பரவுகிறது என்றும், பழிவாங்கிய கைகளும் கறைபடுகின்றன என்றும் எத்தனை மறையுரைகளில் கேட்டிருக்கிறோம்! சிலுவையோ கோவிலோ காட்டாமல் இப்படம் அதை நெஞ்சில் இறக்கிவிடுகிறது. சிறு குழந்தைகளுக்கு உரிய படமன்று. வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோரும் அமர்ந்து பார்க்க வேண்டியது.

மூன்றாவதாக ஒரு படத்தைக் காட்டாங்குளத்தூர் வாசகர்களுக்கென்றே குறிப்பிடுகிறோம். தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று ரயில் நின்று செல்லும் ஒவ்வோர் ஊரிலும் வயல்கள் மனைகளாகி, மனைகள் வீடுகளாவதைக் கண்டிருக்கிறோம். கடன் வாங்கி, நகை விற்று, கொத்தனாருக்குக் காத்திருந்து வீடு கட்டியோர் நம்மில் பலர். அவர்கள் 1988-இல் வந்த 'வீடு' படத்தைப் பார்க்க வேண்டும். வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய ஒரு பெண், தாத்தாவுக்கும் தங்கைக்குமாக ஒரு சிறு வீடு கட்ட முயலும் கதை. அவளாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. பாதி எழும்பிய அவ்வீட்டைக் காணத் தாத்தா தனியே நடந்து வருகிறார். சொக்கலிங்க பாகவதர் அந்தச் சுவர்களைக் கையால் தடவிப் பார்க்கும் காட்சியில் கண் கலங்காதவர் யார்? இயக்கியவர் பாலு மகேந்திரா, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பயின்றவர். பள்ளிப் பருவத்தில் இலங்கையில் 'குவாய் நதிப் பாலம்' படப்பிடிப்பைக் கண்ட வியப்பே தம்மை இத்துறைக்கு இழுத்தது என்று சொன்னவர். ஏழையின் நியாயமான ஆசையையும், அதைச் சுரண்டுவோரின் சிறு சிறு களவுகளையும் கூச்சலின்றிக் காட்டும் இப்படத்தில் சமூகநீதி பற்றிய ஒரு முழு மறையுரையே அடங்கியிருக்கிறது.

கலை என்ற தலைப்பில் நகைச்சுவைக்கு இடமுண்டா? நிச்சயம் உண்டு. 1964-இல் ஸ்ரீதர் தந்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் தாம் எடுக்கப்போகும் படத்தின் கதையைச் சொல்ல, பாலையா அஞ்சி நடுங்குவாரே, அக்காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. அங்கே எவருடைய நிறமும் குலமும் உடற்குறையும் ஏளனத்துக்கு ஆளாவதில்லை. அத்தகைய சிரிப்பு வீட்டுக்கு நல்லது. பிறரை இழிவுபடுத்திக் கிடைக்கும் சிரிப்பைப் பிள்ளைகள் மறுநாளே வகுப்பறைக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

நம்மைப் புண்படுத்திய படங்களும் உள்ளன. 1981-இல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை'யின் இறுதியில் காதலன் பூணூலையும், காதலி சிலுவையையும் கழற்றி எறிகிறார்கள். அதைக் கண்டு நாம் வருந்தியது உண்மை. ஆனால் அப்பெண்ணின் அண்ணன் டேவிட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். கழுத்தில் சிலுவையும் நெஞ்சில் கொடுமையுமாய்த் திரிபவன் அவன். அத்தகைய அண்ணன்மார் நம் இல்லங்களில் இல்லையா? எறியும் கையைக் கண்டிக்குமுன், அக்கைக்கு அச்சிலுவை கனத்தது ஏன் என்றும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். 1997-இல் வந்த 'மின்சார கனவு'மீது நமக்குள்ள வருத்தம் வேறுவகை. காதல் கைகூடாதவன் குருவாகிவிடுவதாக அது முடிகிறது. இறையழைத்தலைத் தோற்றவர் ஒதுங்கும் நிழலாக எண்ணுவது தவறு. 2013-இல் வந்த 'கடல்' இவ்வகையில் மேலானது. பொய்ப்பழி சுமந்து சிறை சென்ற குருவானவர் அதில் வெறும் அங்கியாக இராமல் மனிதராகவே நிற்கிறார்.

ஆக, எந்தப் படம் நல்ல படம்? நம் அளவுகோல் சிறியது. படத்தில் பாவம் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. ஆண்டவரின் உவமைகளிலேயே கள்வரும், ஊதாரி மகனும், நேர்மையற்ற கண்காணிப்பாளனும் வருகிறார்கள். பாவம் பாவமாகவே தெரிகிறதா, பாவி மனிதனாகத் தெரிகிறானா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அப்படத்தில் சிலுவை இல்லாவிடினும் குற்றமில்லை. முதலாவது இல்லையெனில் படம் நம் மனச்சான்றைத் தூங்க வைக்கிறது. இரண்டாவது இல்லையெனில் அது வெறுப்பைக் கற்பிக்கிறது.

இனி, அத்தாயின் மடலுக்கு வருவோம். அம்மா, உங்கள் கணவரின் கவலை நியாயமானதே. இரவில் தூங்காத பிள்ளைக்கு உடலும் படிப்பும் கெடும். தகாத படங்கள் கைபேசியில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் உண்மை. இரவில் கைபேசி பெற்றோரிடம் இருக்கட்டும். அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் அன்று கொட்டகையில் ஊரே சேர்ந்து சிரித்தது, சேர்ந்து அழுதது. இன்று ஒரே கூரையின்கீழ் மூவர் மூன்று திரைகளைப் பார்க்கிறோம். உங்கள் மகன் படம் பார்த்ததைவிட, போர்வைக்குள் தனியே பார்த்ததே நம்மை வருத்துகிறது. பார்த்ததைப் பற்றிப் பேச அவனுக்கு வீட்டில் ஆளில்லை. அலமாரியின் சாவியால் அக்குறை தீராது.

உங்கள் கணவருக்கு முறைவேலை இல்லாத ஒரு ஞாயிறு மாலை, அவரே மகனிடம் சென்று, இரு படங்கள் பார்ப்போம், முதற்படத்தை நீ சொல், அடுத்ததை நான் சொல்கிறேன் என்று கேட்கட்டும். அவன் சொல்லும் படம் அவருக்குப் பிடிக்காமற் போகலாம், பொறுத்துக்கொள்ளட்டும். முடிந்தபின் உடனே குறைகூறாமல், இதில் உனக்கு யாரைப் பிடித்தது என்று மட்டும் கேட்கட்டும். பிறகு தம் இளமையில் தம்மைக் கலங்கவைத்த படத்தை அவனுக்குக் காட்டட்டும். தந்தை கண் கலங்குவதைப் பிள்ளை ஒருமுறையேனும் காண்பது நல்லது.

மகன் பேசத் தொடங்கினால், அவன் தேர்ந்தெடுத்த படத்தின் பெயரை நமக்கு எழுதுங்கள். நாமும் பார்க்க விரும்புகிறோம்.