கோடைப் பழங்கள் குழம்புச் சட்டிக்கு வரட்டும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சித்திரை வெயிலின் கடுமையை அயர்ன் மாஸ்டரைக் கேட்டால் சொல்வார். தலைக்கு மேல் தகரக் கூரை, கையில் ஆவி கக்கும் இஸ்திரிப் பெட்டி, எதிரே குறையாத துணிக் குவியல். பவர் டேபிளில் தைக்கும் டெய்லருக்கும், அவருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடிக்கும் நிலைமை பெரிதாக வேறில்லை. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால், ஆர்டர் நெருக்கும் நாட்களில் ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரைக்குத்தான் எழ முடியும். இடையில் வயிற்றுக்குப் போவது டீ, வடை, டிபன் பாக்ஸில் ஆறிப்போன குழம்புச் சோறு. வெயில் தாங்காத அன்று கூடவே ஒரு பாட்டில் குளிர்பானம்.

அதே கம்பெனியின் கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் தர்பூசணி குவிந்து கிடக்கிறது. முலாம்பழம், நுங்கு, மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று என்று கோடை தரும் எல்லாம் வாசல் வரை வந்துவிட்டன. கேன்டீன் சமையலறைக்குள் மட்டும் அவை நுழைவதில்லை. பழம் என்றால் ஜூஸ் போடுவது, கொஞ்சம் வசதி இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு என்பதோடு நம் பழக்கம் நின்றுவிட்டது. குழம்பிலும் பருப்பிலும் பச்சடியிலும் பழத்தைச் சேர்த்துச் சமைத்த நம் வீட்டு வழக்கம் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு உடல்நலக் காரணங்கள் வலுவாக இருக்கின்றன.

முதல் காரணம் சர்க்கரை. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரையை 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாட்டில் குளிர்பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. கால் லிட்டர் பாட்டிலைக் காலி செய்தால் அன்றைய கணக்கு முடிந்தது. ஐஸும் சர்க்கரையும் கொட்டி அடித்து வடிகட்டிய ஜூஸும் ஏறக்குறைய அதே கதைதான். பழத்தின் நார்ச்சத்து வடிகட்டியிலேயே தங்கிவிடுகிறது.

இரண்டாவது காரணம் ரத்தசோகை. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பின்னலாடைத் தொழிலைத் தாங்கி நிற்கும் பெண்கள் இந்த வயதுக்காரர்கள். பருப்பிலும் கீரையிலும் கம்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. கூடவே வைட்டமின் சி இருந்தால் உடல் எடுத்துக்கொள்ளும் அளவு கூடுகிறது. சாப்பாட்டோடு டீ குடித்தால் குறைகிறது. திருப்பூரில் சோறும் டீயும் அடுத்தடுத்து உள்ளே போகின்றன. மாங்காயோ எலுமிச்சையோ நெல்லியோ இலையில் இல்லை. ஒரு துண்டு மாங்காய் ரத்தசோகையைத் தீர்த்துவிடாது; ஆனால், ஏற்கெனவே சாப்பிடும் பருப்பின் பலனைக் கூட்டும்.

மாங்காய்ப் பருப்பை எடுத்துக்கொள்வோம். துவரம்பருப்பை மஞ்சள்தூள், பூண்டுடன் குழைய வேகவைத்த பிறகுதான் மாங்காய் உள்ளே போக வேண்டும். முன்பே போட்டால் புளிப்பு ஏறிப் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும். கிளிமூக்கு மாங்காயைத் தோலோடு நறுக்கிப் போட்டு, துண்டு உடையாமல் மெத்தென்று ஆனதும் இறக்கிவிட வேண்டும். நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் வைட்டமின் சி பெருமளவு அழிந்துவிடும். கடலெண்ணெயில் கடுகு, சீரகம், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. வைட்டமின் முழுதாக வேண்டுமென்றால் துருவிய மாங்காயைத் தயிரில் போட்டுப் பச்சடியாகப் பக்கத்தில் வைக்கலாம். அதற்கு அடுப்பே வேண்டாம்.

பழுத்த மாம்பழத்தின் கணக்கு வேறு. அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டின், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. அது சூட்டை ஓரளவு தாங்கும். கொஞ்சம் கொழுப்பு சேர்ந்தால் உடல் அதை நன்றாக உறிஞ்சும். தேங்காய் அரைத்துவிட்ட மாம்பழ மோர்க்குழம்பு, ருசிக்காகப் பிறந்தாலும் இந்த அறிவியலோடு பொருந்திப்போகிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கும் ஊருக்கு அது அந்நியமான பண்டமும் அல்ல. விளாம்பழத்தை வெல்லம் சேர்த்துப் பிசைந்தால் பச்சடி. பலாக்கொட்டையை மாங்காயுடன் போட்டால் குழம்பு. தர்பூசணியின் பச்சைத் தோலைச் சீவிவிட்டு, உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதியைப் பாசிப்பருப்புடன் வேகவைத்தால் சுரைக்காய்க் கூட்டுக்கு ஈடான கூட்டு.

இந்தச் சமையலுக்கு வடக்கிலிருந்தும் கைகள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத் தொழிலாளர்கள் இல்லாமல் இன்று திருப்பூர் இல்லை. சித்திரை முதல் நாளில் நம் வீடுகளில் வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடி வைக்கிறோம். அதே நாளை ஒட்டி ஒடிசாவில் பணா சங்கராந்தி. வில்வப்பழச் சதையைக் கரைத்த பானம்தான் அன்றைக்குச் சிறப்பு. பீகாரில் ‘சத்து’ எனப்படும் வறுத்த கடலை மாவுடன் மாங்காய்ச் சட்னி. சுட்ட மாங்காயின் சதையில் உப்பும் வறுத்த சீரகமும் கொஞ்சம் வெல்லமும் கலந்து கரைக்கும் ‘ஆம் பன்னா’வை வட மாநிலத் தொழிலாளர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வியர்வையில் போகும் நீருக்கும் உப்புக்கும் அது நல்ல ஈடு. ஒரே கூரையின் கீழ் தைப்பவர்கள் ஒரே மாங்காயை ஆளுக்கொரு விதமாகச் சமைக்கத் தெரிந்தவர்கள். கேன்டீன் இந்த அறிவைப் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

செலவைச் சுட்டிக்காட்டி மறுப்பார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்த பிறகு ஏற்றுமதியாளர்கள் பட்ட பாட்டை மறுக்க முடியாது. ஆனால், இங்கே பேசுவது ஆப்பிளையும் கிவியையும் பற்றி அல்ல. 2025 கோடையில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா மாம்பழத்தின் விலை சரிந்து விவசாயிகள் தவித்தார்கள். கிளிமூக்கு என்று நாம் சொல்வதும் அந்த ரகத்தைத்தான். விளைவித்தவருக்கு விலை இல்லை, உழைப்பவரின் இலையில் மாங்காய் இல்லை என்ற நிலையை மொத்தக் கொள்முதலால் கொஞ்சமாவது மாற்றலாம். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டும் அந்தப் பயம் போகவில்லை. காயாகவே சமைத்தால் அந்தக் கவலையும் இல்லை. சர்க்கரை நோயாளிகள் பழுத்த மாம்பழம் சேரும் நாளில் சோற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தப் பழத்தையும் மருத்துவரைக் கேட்டே சேர்ப்பது பாதுகாப்பு.

சட்டமும் இதற்கு ஓரளவு துணை நிற்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீனைக் கட்டாயமாக்க வழிசெய்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 100 பேர் என்று குறைத்தது. ஆனால், திருப்பூரின் பெரும் பகுதி இருபது, முப்பது பேர் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள். ஒரே வீதியில் பத்து யூனிட்டுகள் இருக்கின்றன. அவை சேர்ந்து ஒரு சமையலறை நடத்தினால் செலவு பங்காகும். உழவர் சந்தையில் விடிகாலையில் ஒரே ஆள் எல்லாருக்கும் வாங்கிவரலாம்.

சித்திரை முதல் ஆனி வரை வாரத்துக்கு மூன்று நாள் மாங்காய்ப் பருப்போ பச்சடியோ, மற்ற நாட்களில் தர்பூசணிக் கூட்டு, பிற்பகலில் உப்புப் போட்ட மாங்காய்ப் பானம், சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேர இடைவெளி: தொடங்குவதற்கு இவ்வளவு போதும். உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, பஞ்சப்படிக்கும் பயணப்படிக்கும் பக்கத்தில் மதியச் சாப்பாட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.