கையொப்பமும் கடிதமும்

பெரியோர்தம் கையெழுத்தை நாடித் திரட்டும் வேட்கை நம் மாணவரிடையேயும் பழைய மாணவரிடையேயும் நெடுநாளாக உண்டு. அதனை வீண் பொழுதுபோக்கென்று இகழ்வாருடன் யாம் உடன்படோம். காந்தியடிகளே தம் கையொப்பத்துக்கு ஐந்து ரூபா பெற்று அரிசன நிதியிற் சேர்த்தார். தென்னாபிரிக்காவிலே தமிழ் பயின்ற அவர், சில வேளைகளில் ‘மோ. க. காந்தி’ எனத் தமிழிலேயே ஒப்பமிட்டார் என்பது தமிழாசிரியனாகிய எனக்குத் தனி மகிழ்ச்சி.

நிற்க. திரட்டுவோருட் பலர் பெயரையே தேடுகின்றனர். எழுதிய பொருளைத் தேடுகின்றிலர். இரண்டாம் உலகப் போர்க்காலத் தலைவர்களின் கடிதங்கள் ஏலத்தில் விலைபோகும் இந்நாளில் இக்குறை நன்கு புலப்படுகின்றது. கடிதத்தின் அடியிலுள்ள ஒப்பத்தை மட்டும் கத்தரித்து அட்டையில் ஒட்டும் வழக்கமொன்று மேனாட்டில் இருந்தது. எஞ்சிய தாள் யாது செய்தது பாவம்! யாருக்கு, என்று, எதன்பொருட்டு எழுதப்பட்டதென்னும் செய்தியனைத்தும் அதனுடன் ஒழிந்தன.

1944 ஒக்டோபரில் மொஸ்கோவிலே சேர்ச்சில் ஒரு தாளிற் சில நாடுகளின் பெயர்களையும், அவற்றில் எவர்க்கு எத்தனை வீதம் செல்வாக்கு என்பதையும் எழுதி ஸ்டாலினிடம் நீட்டினார். ருமேனியாவில் ருசியாவுக்கு 90. கிரீசில் பிரித்தானியாவுக்கு 90. யூகோசிலாவியாவிற் பாதிக்குப் பாதி. ஸ்டாலின் நீலப் பென்சிலால் ஒரு சரிக்குறி இட்டார். இதனை எரித்துவிடுவோமா என்று தாம் வினவ, நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர் விடையிறுத்ததாகச் சேர்ச்சிலே எழுதியுள்ளார். கோடிக்கணக்கான மக்களின் தலைவிதி அச்சிறு குறியில் அடங்கிற்று. ஒப்பம் ஒன்றையே தேடுவார் அத்தாளைக் கண்டிருப்பின் குப்பையில் எறிந்திருப்பர்!

பெயரில் மயங்கினோர் ஏமாந்ததும் உண்டு. 1983 இல் இட்லரின் நாட்குறிப்புகளென ஒரு செர்மானிய இதழ் பெரும்பொருள் கொடுத்து வாங்கியவற்றைக் கையெழுத்து வல்லுநர் மெய்யென்றனர். ஒப்புநோக்கக் கொடுத்த மாதிரிகளுட் சில அதே போலியாளன் கைவண்ணமே. தாளும் கட்டடமும் போருக்குப் பிற்பட்டவையெனச் சோதனையில் தெரிந்தபின்பே பொய் வெளியாயிற்று.

இனி நம் ஊருக்கு வருவோம். 1942 ஏப்பிரில் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் நம் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிற்று. அவ்வாரத்தில் நாவற்குடாவிலோ கல்லடியிலோ இருந்து ஒருவர் தம் மைத்துனருக்கு எழுதிய கடிதம் கிடைக்குமாயின், சேர்ச்சிலின் வெட்டிய ஒப்பம் பத்தினும் அதனையே யாம் மேலாகக் கொள்வோம். 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 திசெம்பர் ஆழிப்பேரலையும் இக்கரையோர வீடுகளில் எத்தனையோ பெட்டகங்களைக் கொண்டுபோயின. எஞ்சியவற்றைக் கறையான் தின்கின்றது.

ஆதலின், தலைவர் எழுதியதாயினும் பாட்டனார் எழுதியதாயினும், கடிதத்தை வெட்டாது, உறையோடு வைத்திருங்கள். பசைநாடா ஒட்டற்க. எவரிடமிருந்து எப்போது கிடைத்ததென வேறொரு தாளில் எழுதி உடன்வையுங்கள். படியொன்றை நம் கல்லூரி நூலகத்துக்குத் தருவதோடு, ஈழத்து ஆவணங்களை மின்னுருவாக்கிவரும் நூலக நிறுவனத்தாருக்கும் காட்டலாம். மூலம் உங்கள் வீட்டிலேயே இருக்கும்.