பறவைக்கு வயல், உழவருக்கு வாடகை

வனவிலங்குகளைக் காப்பது நல்ல காரியந்தான். ஆனால் அதன் செலவு உழவர் தலையில் விழுமானால் அத்தகைய திட்டம் நெடுநாள் நிலைக்காது. இதை உணர்ந்து செய்யப்பட்ட ஒரு முயற்சி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்து வருகிறது.

அங்குள்ள மத்தியப் பள்ளத்தாக்கில் சதுப்பு நிலங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அழிந்துவிட்டன. அலாஸ்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே வலசை போகும் உள்ளான் முதலிய பறவைகள் வழியில் இறங்கி இரை தேடுவது இங்கேதான். 2012 முதல் 2016 வரை நீடித்த கடும் வறட்சியில் எஞ்சிய ஈரநிலமும் சுருங்கிற்று. பூமி வெப்பமடைவதால் இத்தகைய வறட்சி மேலும் கடுமையாகும் என்பது அறிவியலார் கருத்து.

நிலத்தை விலைக்கு வாங்கிச் சரணாலயம் அமைக்கப் பெரும்பணம் வேண்டும். ஆகவே 'தி நேச்சர் கன்சர்வன்சி' என்ற அமைப்பு 2014-இல் நெல்வயல்களைச் சில வாரங்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கத் தொடங்கியது.

வைக்கோல் எரிப்பதை 1991-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்திய பின், குளிர்காலத்தில் வயலில் நீர் கட்டித் தாளை மக்க வைப்பது அங்கே வழக்கமாயிற்று. அந்த நீரை உடனே வடித்துவிடாமல், பறவைகள் வரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சில அங்குல ஆழத்திற்கு நிறுத்தி வைத்தால் போதும். எத்தனை வாரம், என்ன தொகை என்பதை உழவரே எழுதிக் கொடுப்பார். பறவைக்கு ஏற்ற வயலா, தொகை கட்டுப்படியாகுமா என்று பார்த்து அமைப்பு தேர்ந்தெடுக்கும். இவ்வாறு நீர் நிறுத்திய வயல்களுக்குக் கரையோரப் பறவைகள் மற்ற வயல்களைவிட மிகுதியாக வந்ததைக் கணக்கெடுப்புகள் காட்டின.

வறட்சியில் பறவைக்குத் தண்ணீரா என்று கேட்பது நியாயமே. அதனால்தான் ஆண்டு முழுவதும் இல்லாமல், வயலில் பயிர் இல்லாத சில வாரங்களுக்கு மட்டும் நீர் நிறுத்தப்படுகிறது. நிலம் உழவரிடமே இருக்கிறது. நிலையான சரணாலயத்தை இடம் மாற்ற முடியாது; வாடகை வயலையோ எந்த ஆண்டு எங்கே தேவையோ அங்கே எடுத்துக்கொள்ளலாம். மழை தவறும் காலத்திற்கு இதுவே பொருத்தம்.

நம் வேடந்தாங்கலிலும் பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்துதான் சுற்றுவட்டார உழவர்கள் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். உழவருக்கு ஆதாயம் இருக்கும் இடத்தில் பறவைக்குப் பாதுகாப்பும் இருக்கிறது. நாளை இங்கும் வயலில் பறவைக்கு இடம் கேட்டு ஒரு திட்டம் வருமானால், வாடகை எவ்வளவு, அது எப்போது கைக்கு வரும் என்பதை உழவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.