மஞ்சளுக்கு ஒரு வேலை

அப்சிடியன் செயலியில் நோட்ஸ் எடுப்பவர்களுக்குத் தெரியும்: ஒரு சொல்லின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு சமக்குறி போட்டால் அது ஹைலைட் ஆகிவிடும். ஆனால் எல்லாமே ஒரே மஞ்சள். மனப்பாடம் செய்ய வேண்டிய ஆண்டும் மஞ்சள், ஆசிரியர் சொல்வது சரிதானா என்று சந்தேகப்பட்ட வரியும் மஞ்சள். ஒரு மாதம் கழித்துத் திறந்தால், எதை எதற்காகக் குறித்தோம் என்பதே விளங்காது. நிறத்தை நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

மஞ்சள் காகிதத்துக்கு நன்றாகப் பொருந்தியது. 1971இல் ஜெர்மனியில் ஸ்டாபிலோ பாஸ் ஹைலைட்டர் பேனா வந்த பிறகு உலகெங்கும் மாணவர் கைகளில் ஒளிரும் மை ஏறியது. பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு மிகப் பளிச்சென்று படுவது மஞ்சள் கலந்த பச்சைதான். அதன் மேல் கறுப்பு எழுத்து எடுப்பாகத் தெரியும். திரையில், டார்க் மோடில், அந்தக் கணக்கு தலைகீழ். எழுத்து வெள்ளையாகிவிடுவதால், அடியில் அடர்மஞ்சள் இருந்தால் கண் கூசுமே தவிர வாசிக்க முடியாது.

மாற்றுவது சுலபம். நிறத்தைச் சொல்லும் ஒரு சிறு சி.எஸ்.எஸ். கோப்பை ஸ்னிப்பெட்ஸ் ஃபோல்டரில் போட்டு, செட்டிங்ஸில் அதை ஆன் செய்தால் போதும். அந்தக் கோப்பில் நிறத்தை எழுதும்போது சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கான மூன்று எண்களுக்குப் பிறகு நான்காவதாக ஓர் எண் வரும். சூட்சுமம் அதில்தான். 1 என்றால் முழு அடர்த்தி. 0.3 என்று கொடுத்துப் பாருங்கள்: இருண்ட பின்னணி ஊடே தெரிந்து, மஞ்சள் அடங்கி, வெள்ளை எழுத்து மேலே வந்துவிடும்.

பல நிறம் வேண்டுமானால், சமக்குறிக்குப் பதிலாக 'மார்க்' என்ற எச்.டி.எம்.எல். டேகைப் போட்டு அதற்குள் கிளாஸ் பெயர் கொடுக்கலாம். அதற்கு 'மஞ்சள்', 'நீலம்' என்று பெயர் வைக்காதீர்கள். 'ஐயம்', 'ஆண்டு', 'தேடு' என்று வேலையைச் சொல்லும் பெயராக வையுங்கள்; தமிழிலேயே எழுதலாம், தாராளமாக வேலை செய்யும். நாளை நிறம் பிடிக்காமல் போனால் ஸ்னிப்பெட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும், பழைய நோட்ஸ் எல்லாம் தானாக மாறிக்கொள்ளும். மூன்று வகைக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. வாசிப்பின் நடுவே நிறம் தேடி யோசிக்க ஆரம்பித்தால் படித்தது கைநழுவிவிடும்.

நோட்ஸை நண்பர்களோடு பகிர்பவர்கள் சிவப்பையும் பச்சையையும் ஜோடியாக வைக்க வேண்டாம். இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், நாம் நினைப்பதைவிட அதிகம். நீலமும் ஆரஞ்சும் வையுங்கள். பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியும்.