கீழாநெல்லி மட்டும் போதுமா?

மஞ்சள் காமாலை என்றதும் நம்மவர் தேடுவது கீழாநெல்லியைத்தான். 1988-ல் சென்னையில் டாக்டர் தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, இதை 'லான்செட்' இதழ் வரை கொண்டு சென்றனர். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாம்! ஆனால் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. மூலிகையைக் குறை சொல்வதற்கில்லை; அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதே தவறு.

இக்கிருமி பலரிடம் காமாலையாகத் தலைகாட்டுவதே இல்லை. பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றி, முப்பது நாற்பது ஆண்டுகள் ஓசையின்றி ஈரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடக்கூடும். இந்தியாவில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் நாடு முழுவதையும் எட்டியது 2011-ல்தான். அதற்கு முன் அங்கு பிறந்து வெஸ்ட் வின்ட்சரில் குடியேறிய அன்பர்கள் ஒருமுறையேனும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோரும்தான்.

"வரன் பார்க்கும் வேளையில் வெளியே தெரிந்தால்?" என்று அஞ்சுவோர் உண்டு. ஒரே பந்தியில் உண்பதால் இது ஒட்டாது. மணமகனுக்குத் தடுப்பூசி இருக்கிறது. தாயிடம் கிருமி இருப்பது தெரிந்தால், பிள்ளை பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் போட்டுப் பெரும்பாலும் காத்துவிடலாம்.