எவர்சில்வர் கம்பி எந்த உலையில் உருகியது?

குளத்தூரிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வைப்பாறு, வேம்பார், சாயல்குடி தாண்டி ராமநாதபுரம், அங்கிருந்து பாம்பன். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் நம் கரிசல் காட்டு ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்வரும் பாதைதான். அப்படிப் போய்வந்த உப்பளத் தொழிலாளி ஒருவர் என்னிடம் கேட்டார்: "புதுப் பாலத்துக் காங்கிரீட்டுக்குள்ளே எவர்சில்வர் கம்பி வச்சிருக்காகளாமே, நெசமா தோழர்? அது நம்ம சேலத்துல செஞ்சதுதானே?"

நிஜம்தான். 2025 ஏப்ரல் 6-ல் பிரதமர் மோடி திறந்து வைத்த புதிய பாம்பன் பாலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். 550 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. கப்பல் வரும்போது நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறிவிடும். கடலுக்குள் 333 பைல்கள் இறக்கியிருக்கிறார்கள். காங்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மேலே கர்டர்களுக்குப் பாலிசிலோக்ஸேன் என்ற விசேஷப் பூச்சு என்று சர்க்காரே அறிவித்திருக்கிறது.

ஆனால் சேலத்துக் கம்பியா என்ற கேள்விக்கு, சேலத்து ஆலையில் கம்பியே உருட்டுவதில்லை என்பதுதான் பதில். ஏன் உருட்டுவதில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் கம்பியின் சங்கதி. உப்பு இரும்பை என்ன செய்யும் என்று நம் உப்பளத் தோழருக்கு எந்த என்ஜினீயரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பாத்தியோரம் விட்டுவந்த மம்பட்டி ஒரே பருவத்தில் செதில் செதிலாக உதிர்வதை அவர் கண்டவர். காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும் அதே கதிதான். நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. உப்புக் காற்றும் அலைநீரும் சிமெண்டின் நுண்துளை வழியே கசிந்து உள்ளே போகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து நெட்டித் தள்ளும். காங்கிரீட் வெடித்துக் கீழே விழும். கடலோரத்தில் எந்தப் பழைய சிறு பாலத்தின் அடியிலும் குனிந்து பார்த்தால் இதைக் காணலாம்.

இரும்போடு நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் சேர்த்தால், எஃகின் மேல் தானாகவே ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகும். கீறினாலும் அது தானே மூடிக்கொள்ளும். நம் வீட்டு நல்ல எவர்சில்வர் குடத்தில் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். மெக்சிகோ நாட்டில் புரோகிரெசோ என்ற ஊரில், 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இந்தக் கம்பி போட்டுக் கடலுக்குள் நீண்ட துறைப்பாலம் ஒன்று கட்டினார்கள். இன்றும் நிற்கிறது. பக்கத்திலேயே, அதற்குப் பிந்திச் சாதாரணக் கம்பி போட்டுக் கட்டிய பாலம் கடலோடு போய்விட்டது. சில தூண்களின் மிச்சம்தான் பாக்கி. எவர்சில்வர் கம்பிக்கு விலை பல மடங்கு அதிகம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் இரண்டு பாலங்களின் கணக்கையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

சரி, இந்த எஃகு எங்கிருந்து வரவேண்டும்? 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது. அடிமை நாட்டுக்கு ஆணி முதல் அங்கிருந்துதானே வந்தது! ஆனால் 1943-ல் திறந்த கல்கத்தா ஹவுரா பாலத்தைப் பாருங்கள். 26,500 டன் எஃகில் 23,000 டன் ஜாம்ஷெட்பூரில் உருகியது. யுத்தம் வந்து இங்கிலாந்துச் சரக்கு நின்றுபோன பிறகு, நம் நாட்டுத் தொழிலாளி உலையில் நின்று வார்த்துக் கொடுத்தான். முடியாது என்று ஒன்றுமில்லை. முடியாமல் வைத்திருந்தார்கள்.

சுதேசிச் சரக்குக்கு முதலிடம் என்றால் சில பொருளாதார நிபுணர்களுக்கு முகம் கோணும். "சுதந்திரச் சந்தை" என்பார்கள். அந்தச் சந்தையின் பீடமான அமெரிக்கா என்ன செய்கிறது? மத்திய சர்க்கார் பணத்தில் கட்டும் நெடுஞ்சாலைப் பாலம் என்றால், எஃகை உருக்குவதிலிருந்து கடைசிப் பூச்சு வரை அமெரிக்க மண்ணிலேயே நடக்க வேண்டும் என்று 1980-களின் தொடக்கத்திலேயே சட்டம் போட்டு இன்றுவரை வைத்திருக்கிறது. ஊருக்கு உபதேசம்! அதிலும் ஓட்டை தேடியவர்கள் உண்டு. 2013-ல் திறந்த சான்பிரான்சிஸ்கோ–ஓக்லண்ட் பாலத்துக் கோபுரத்துக்கும் தளத்துக்கும், மத்தியப் பணமே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, ஷாங்காயில் எஃகு வேலை செய்து வாங்கினார்கள். வெல்டிங் குறைகள் கிளம்பி, வேலை இழுத்தடித்தது.

நம் சர்க்காரும் 2017-ல் இரண்டு உத்தரவு போட்டது. சர்க்கார் கொள்முதலில் உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை என்று ஒன்று; உள்நாட்டு இரும்பு எஃகுக்குத் தனியே ஒன்று. நல்லது. ஆனால் "உள்நாடு" என்றால் என்ன? வெளிநாட்டில் உருக்கிய பாளத்தை இங்கே கொண்டுவந்து ஒரு உருட்டு உருட்டி, முத்திரை குத்தினால் அது சுதேசியா? உருட்டுகிற இடத்தில் இருப்பது சில ஆட்களின் வேலை. உருக்குகிற இடத்தில்தான் உலை, ரசாயனச் சோதனை, கைத்தொழில் ஞானம் எல்லாம் இருக்கின்றன. குரோமியத் தாது நம்மிடம் ஒரிசாவின் சுகிந்தாவில் மலையாகக் கிடக்கிறது (அதைத் தோண்டுகிறவன் குடிக்கும் தண்ணீரைக் கெடுத்திருக்கிறார்கள், அதைத் தனியே எழுத வேண்டும்). நிக்கல் மட்டும் வெளியிலிருந்து வரவேண்டும். நிக்கல் விலை ஏறியதும் வியாபாரிகள் அதைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த தகட்டில் பாத்திரம் அடித்து, அதையும் எவர்சில்வர் என்றே விற்கிறார்கள். கல்யாணச் சீரில் வந்த டம்ளர் இரண்டு வருஷத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும் ரகசியம் இதுதான். டம்ளர் போனால் டம்ளர். பாலத்துக் கம்பியில் இதே வித்தை நடந்தால்?

இங்கேதான் சேலம் வருகிறது. 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழகமே எழுச்சி நாள் கொண்டாடிக் கேட்ட ஆலை அது. 1970-ல் அடிக்கல், 1981-ல்தான் உற்பத்தி. கஞ்சமலை இரும்பைக் கனவு கண்டு கேட்டோம். கிடைத்தது வெளியிலிருந்து வந்த எஃகைத் தகடாக்கும் ஆலை. சொந்தமாக உருக்கும் பிரிவு 2010-ல்தான் வந்தது. தகடு, சுருள், நாணயத்துக்கான வில்லை, இவ்வளவோடு சரி. கம்பியும் கட்டமைப்புச் சட்டங்களும் உருட்டும் பிரிவு ஒன்றைச் சேர்த்திருந்தால், நம் கடற்கரை நெடுகிலும் வேலை இருக்கிறது. ஆனால் சர்க்கார் செய்தது என்ன? நஷ்டம் என்று சொல்லி 2019-ல் விற்பனைக்கு விளம்பரம் கொடுத்தது. நஷ்டம் வந்தது உண்மை, மறைப்பானேன்? கடனில் விரிவாக்கிய ஆலையின் கையைக் கட்டி, மலிவு இறக்குமதிக்குக் கதவைத் திறந்தால் லாபமா வரும்? தொழிலாளர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். வாங்க வந்தவர்களும் பின்வாங்க, 2023 ஜனவரியில் விற்பனை ரத்தாயிற்று. விற்கவில்லை என்பது மட்டும் போதுமா? ஆலைக்கு ஆர்டர் வேண்டும்.

உள்நாட்டுச் சரக்கு என்பதாலேயே கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. 2024 நவம்பரில் புதிய பாலத்தைச் சோதித்த ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர், மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 என்று வேகம் கட்டி அனுமதி கொடுத்தார். கூடவே கடுமையான குறைகளையும் எழுதினார். ரயில்வேயின் சொந்தத் தரநிர்ணய ஸ்தாபனத்தை உரியபடி ஈடுபடுத்தவில்லை என்றார். அரிப்பைப் பற்றியும் கவலை தெரிவித்தார். ரயில்வே அமைச்சகம் ஐந்து பேர் கமிட்டி போட்டது. வடிவமைப்பை ஐ.ஐ.டி.க்கள் சரிபார்த்தன என்றும், பூச்சு 35 வருஷம் தாங்கும் என்றும் பதில் சொல்லப்பட்டது. தாங்கட்டும்! ஆனால் கமிட்டி கண்டதையும், ஒவ்வொரு வெல்டிங் சோதனையின் முடிவையும், கம்பி எந்த உலையில் உருகியது என்ற சான்றையும் ராமேஸ்வரம் ஸ்டேஷன் சுவரில் தமிழில் ஒட்டிவைப்பதற்கு என்ன தடை? 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு ஜனங்களைக் கடலுக்குக் கொடுத்த ஊர் அது. அப்போது தகர்ந்த பாலத்தை, கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து, 46 நாளில் நிமிர்த்தியவர்கள் தொழிலாளிகள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நம் தோழர் சொன்னார்: "கடல்காத்துக்குப் பெயிண்டு தாங்குமான்னு எங்களைக் கேட்டிருந்தா நாங்களே சொல்லியிருப்போமே." மழை பிடித்து உப்பளம் ஓய்ந்ததும் வேம்பாரிலிருந்து கையெழுத்து வாங்கத் தொடங்குகிறோம். சேலத்தில் கம்பிப் பிரிவு வேண்டும், பாலத்தின் சோதனைச் சான்றுகள் வெளியே வரவேண்டும் என்ற மனு. முதல் கையெழுத்து அவருடையது.